மேற்தளத்துக் கமெரா: கப்பற் படங்களைப் பார்ப்பது குறித்துச் சில குறிப்புகள்

கப்பலைப் படம் பிடிப்பது பெரும்பாலும் ஒரு பொழுதுபோக்காகவே பேசப்படுகிறது. பாய்மரக் கப்பல், நீராவிக் கப்பல், போர்க்கப்பல், கொள்கலன் கப்பல் என்று வகை பிரித்து, துறைமுகச் சுவர்களில் மணிக்கணக்காகக் காத்து நின்று படமெடுத்துச் சேர்ப்போரை ஹாம்பேர்க்கிலும் றொட்டர்டாமிலும் வாழும் எம்மவர் பலர் கண்டிருப்பர். அவர்களது ஆர்வத்தைக் குறை சொல்வதோ, அப்படங்களின் அழகை மறுப்பதோ இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் கடல் வழியாகவும், கடலில் தடுக்கப்பட்டும், கடலில் செத்தும் இந்நாடுகளுக்கு வந்த ஒரு சமூகம் கப்பற் படங்களை வெறும் அழகுப் பொருளாகப் பார்த்துவிட்டுப் போக முடியாது. எம்மைப் பொறுத்தவரை ஒரு கேள்வி முதலில் வருகிறது. படம் எடுத்தவர் எங்கே நின்றார்? கரையிலா, இன்னொரு கப்பலிலா, மேற்தளத்திலா, கீழறையிலா? கப்பற் படக்கலையின் வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்து திரும்ப வாசிக்கலாம் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1

வெளியே நின்று எடுக்கப்படும் படங்களிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தின் கவ்ஸ் என்ற சிறு துறைமுக நகரில் மருந்துக்கடை வைத்திருந்த பிராங் பெக்கன், பந்தயப் பாய்க்கப்பல்களைப் படமெடுப்பதற்கெனத் தனக்கேற்ற கமெரா ஒன்றை வடிவமைத்துக்கொண்டார். ஆடும் படகில் நின்று இரு கைகளாலும் கமெராவைப் பிடிக்கவேண்டியிருந்ததால், மூடியை இயக்கும் இறப்பர்க் குமிழைப் பல்லால் கடித்துப் படமெடுத்தார். அவரும் அவரது வழித்தோன்றல்களும் எடுத்த படங்களே 'கப்பற் படம்' என்றதும் உலகின் கண்ணுக்கு வரும் உருவத்தைப் பெருமளவு நிலைநிறுத்தின. காற்றில் புடைத்த பாய், சாய்ந்த உடல், அணியத்தில் உடையும் நுரை. இந்தப் படங்களில் கப்பல் முழுமையாக இருக்கும். மனிதர்கள் இருப்பார்கள், ஆனால் புள்ளிகளாக. கப்பலின் சொந்தக்காரருக்கு இது உவப்பான பார்வை. தன் சொத்து முழுவதையும் ஒரே சட்டகத்துக்குள் அவர் காண்கிறார்.

போர்க்கப்பற் படத்தின் பிறப்பு இன்னும் வெளிப்படையானது. 1898இல் பிரெட் ஜேன் தொடங்கிய போர்க்கப்பல் ஆண்டு நூல், உலகக் கடற்படைகளின் கப்பல்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தியது. புகைபோக்கிகள் எத்தனை, பாய்மரங்கள் எங்கே, பீரங்கிகள் எப்படி என்று தொலைவிலிருந்து இனங்காண்பதே அதிலுள்ள உருவங்களின் பயன். இந்தக் கப்பல் யாருடையது, சுடலாமா, விடலாமா என்பதைத் தீர்மானிக்க உதவும் படங்கள் அவை. இன்று துறைமுகச் சுவரில் நின்று போர்க்கப்பலை முன்பக்கமாகச் சாய்வாகப் படமெடுக்கும் அப்பாவி ஆர்வலரும், தான் அறியாமலே, இனங்காணற் படத்தின் இலக்கணத்தையே பின்பற்றுகிறார். பந்தயக் கப்பற் படத்தில் சொத்துடைமையின் கண் உண்டு என்றால், போர்க்கப்பற் படத்தில் இலக்குப் பார்ப்பவனின் கண் உண்டு. இரண்டுக்கும் பொதுவானது தூரம்.

2

தூரத்தைக் கைவிட்டு உள்ளே வந்த கமெரா என்ன செய்தது? புகைப்படக் கலை வரலாற்றில் மிக அதிகமாகப் பேசப்பட்ட கப்பற் படம் அமெரிக்கரான அல்பிரட் ஸ்ரிக்லிற்ஸ் 1907இல் எடுத்த 'ஸ்ரியரேஜ்'. கப்பலின் மிக மலிவான, அடித்தட்டுப் பயணிகளுக்கான பகுதியையே அச்சொல் குறிக்கிறது. நியூயோர்க்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'கைசர் வில்ஹெல்ம் II' கப்பலில் ஸ்ரிக்லிற்ஸ் குடும்பத்துடன் முதல் வகுப்பில் பயணித்தார். அங்கிருந்த பணக்காரக் கூட்டம் பிடிக்காமல் உலாவச் சென்றவர், மேற்தளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். பல ஆண்டுகள் கழித்து, 1942இல், அந்தக் கணத்தை அவரே எழுதினார். அவர் கண்டவை: ஒரு வைக்கோற் தொப்பியின் வட்டம், இடதுபுறம் சாய்ந்த புகைபோக்கி, வலதுபுறம் சாய்ந்த படிக்கட்டு, நடுவே வெள்ளை நடைபாலம், ஒருவனின் முதுகில் குறுக்காக ஓடும் வெள்ளைப் பட்டிகள். அறைக்கு ஓடிக் கமெராவை எடுத்து வந்தார். தகடு ஒன்றுதான் மிச்சமிருந்தது. தொப்பிக்காரர் அசையாமல் நின்றிருக்கவேண்டுமே என்பது அவரது தவிப்பு.

இந்தத் தவிப்பை நாம் கவனமாக வாசிக்கவேண்டும். கீழே நிற்பவர்கள் யார், ஏன் போகிறார்கள் என்பதல்ல அவரது பதற்றம். வட்டம் இடம் மாறிவிடுமோ என்பதே. 1911இல் தனது 'கமெரா வேர்க்' இதழில் அவர் இதை வெளியிட்டார். பிற்காலத்தில் இது அமெரிக்காவுக்கு வந்து குடியேறிய ஏழைகளின் சின்னமாகிவிட்டது. பாடப்புத்தகங்களும் அப்படியே பயன்படுத்தின. ஆனால் கப்பல் போய்க்கொண்டிருந்தது எதிர்த்திசையில். அதிலிருந்தவர்கள் அமெரிக்காவை விட்டுப் போகிறவர்கள்; வேலை முடித்துத் திரும்பியோரும், உள்ளே விடாமல் திருப்பப்பட்டோரும் அவர்களில் இருந்திருக்கலாம். திருப்பி அனுப்புதலின் சாட்சியமாக இருந்திருக்கக்கூடிய ஒரு படம் வரவேற்பின் சின்னமாக மாறியது எப்படி? படத்துக்குள் திசை இல்லை. திசையைச் சொல்வது படத்தின் கீழே எழுதப்படும் சொல்.

இதைக் கோட்பாட்டு ரீதியாக முதலில் எடுத்துப் பேசியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க இடதுசாரிப் புகைப்படக்காரரும் விமர்சகருமான அலன் செக்குலா (1951–2013). 1975இல் வெளிவந்த கட்டுரையொன்றில், ஸ்ரிக்லிற்ஸின் படத்தையும், கப்பலிலிருந்து இறங்கும் குடியேறிகளை 1905இல் லூயிஸ் ஹைன் எடுத்த படத்தையும் அருகருகே வைத்தார். ஒன்று கலை, மற்றது ஆவணம் என்பது வழக்கமான பிரிப்பு. இந்தப் பிரிப்பு படங்களுக்குள்ளேயே இருப்பதல்ல, அவை எங்கே எவ்வாறு பயன்படுத்தப்பட்டன என்பதிலிருந்து வருவது என்பது செக்குலாவின் வாதத்தின் சாரம். ஒரு படம் தனியே பேசுவதில்லை. ஒரு சொல்லாடலுக்குள் நின்றே பேசுகிறது. இவ்வாதம் இன்று பழகிப்போன ஒன்றாகத் தோன்றலாம். ஆனால் கப்பற் படம் என்று வரும்போது அதன் விளைவு எவ்வளவு கொடூரமாக இருக்கமுடியும் என்பதைப் பின்னர் காண்போம்.

3

மேலிருந்து பார்க்காமல், கப்பலின் வேலைக்குள் இறங்கிய கமெராவும் உண்டு. அவுஸ்திரேலியரான அலன் வில்லியர்ஸ் தானே பாய்க்கப்பல் மாலுமி. கொடிமரங்களில் ஏறி, பாய் சுருட்டும் சக மாலுமிகளை அருகிலிருந்து படமெடுத்தவர். 1938இன் இறுதியில் ஏடனிலிருந்து குவைத்தைச் சேர்ந்த பெரிய அரபுப் பாய்க்கப்பலொன்றில் ஏறி, கிழக்காபிரிக்கக் கரை வழியே ருபிஜி ஆற்றுமுகம் வரை சென்று, கண்டல் மரக் கம்புகள் ஏற்றிக்கொண்டு குவைத்துக்குத் திரும்பிய அக்கப்பலிலேயே பயணித்தார். 'சிந்துபாத்தின் மைந்தர்கள்' என்ற அவரது நூல் 1940இல் வந்தது. இந்துசமுத்திரப் பாய்க்கப்பல் வாழ்வுக்கு இதைவிட நெருக்கமான படங்கள் அரிது. பாயை இழுக்கும் உடல்கள், பாடி வேலை செய்யும் வரிசை, சுக்கானைப் பிடித்த கை எல்லாம் அங்கே இருக்கின்றன.

ஆனால் வில்லியர்ஸின் எழுத்தையும் படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு விரிசல் தெரிகிறது. முத்துக்குளிப்போர் கடனில் பிறந்து கடனில் சாவதைப் பற்றி அவர் எழுதுகிறார். ஒருவன் செத்தபின்னும் கடன் தொடர்வதை அவர் அறிந்திருந்தார். படங்களிலோ கடன் இல்லை. தசை இருக்கிறது, வெயில் இருக்கிறது, அழிந்துபோகும் ஒரு வீர உலகின் மீதான ஏக்கம் இருக்கிறது. கடனைப் படமெடுக்க முடியாது என்று சொல்லலாம். உண்மை. ஆனால் படமெடுக்க முடியாத ஒன்றை மறந்துவிடும்படி ஒரு படம் எவ்வளவு இதமாக எம்மை ஆற்றுப்படுத்துகிறது என்பதே பிரச்சினை.

செக்குலாவின் 'மீன் கதை' (1995) இந்தப் பிரச்சினையை நேரே எதிர்கொண்ட வேலை. 1989 தொடங்கிப் பல ஆண்டுகள் லொஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகப் பகுதி, றொட்டர்டாம், தென்கொரியாவின் உல்சான், ஸ்பெயினின் விகோ, மெக்சிக்கோவின் வெரக்குரூஸ் என்று அலைந்து எடுத்த படங்களும் நீண்ட கட்டுரையும் சேர்ந்த தொகுப்பு அது. உலகம் முழுவதும் தகவலும் மின்னலுமாக ஆகிவிட்டது என்று பேசப்பட்ட காலத்தில், பொருள்கள் இன்னமும் கப்பலில், மெதுவாக, மனித உழைப்பால்தான் நகர்கின்றன என்று அவர் வற்புறுத்தினார். கொள்கலனை அவர் கண்ட விதம் முக்கியமானது. எல்லாப் பெட்டிகளும் ஒரே வடிவம். உள்ளே என்ன, யார் செய்தது, எந்தக் கூலிக்கு என்பதை வெளித்தோற்றம் சொல்லாது. பழைய துறைமுகத்தில் மூட்டையும் வாசனையும் வியர்வையும் கண்ணுக்குத் தெரிந்தன. இன்று நிறம் பூசிய உலோகம் மட்டுமே தெரிகிறது.

1993 நவம்பரில் நியூ ஜேர்சியிலிருந்து றொட்டர்டாமுக்குக் கொள்கலன் கப்பலொன்றில் சென்று எடுத்த பகுதிக்கு அவர் இட்ட பெயர், ஆபிரிக்க அடிமைகள் அத்திலாந்திக்கைக் கடந்த பயணத்துக்கு வழங்கும் 'நடுப்பாதை' என்ற பெயர். இங்கே எமக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. உழைப்பாளியை மையத்துக்குக் கொண்டுவந்ததில் செக்குலா சாதித்தது பெரிது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர்கள் கப்பலில் உழைத்தவர்கள் அல்ல. கப்பலில் சரக்காக ஏற்றப்பட்டவர்கள். மாலுமியின் கண் வேறு, சரக்கறையில் கிடப்பவரின் கண் வேறு. 'மீன் கதை'யின் உலகில் முதலாவது கண் நன்றாகவே திறந்திருக்கிறது. இரண்டாவது கண்ணுக்கு ஒரு தலைப்பு மட்டுமே கிடைக்கிறது.

4

சரக்காக ஏற்றப்பட்ட மனிதரைக் காட்டிய மிக வலிமையான கப்பற் படம் புகைப்படமே அல்ல. 1788இன் இறுதியில் இங்கிலாந்தின் பிளைமவுத் நகர அடிமைவணிக எதிர்ப்பாளர்கள் 'புறூக்ஸ்' என்ற கப்பலின் குறுக்குவெட்டு வரைபடத்தை அச்சிட்டார்கள். மேற்தளத்தை அகற்றி, உள்ளே மனிதர்கள் எப்படி அடுக்கப்பட்டார்கள் என்பதைக் காட்டியது அது. கமெரா கண்டுபிடிக்கப்படாத காலம். ஆனால் கமெரா இருந்திருந்தாலும் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது. கப்பல் மூடியிருக்கும், உரிமையாளர் உள்ளே விடமாட்டார். வரைபடத்தால் மட்டுமே தளத்தைக் கழற்ற முடிந்தது. ஆனால் அங்கும் மனிதர்கள் ஒரே மாதிரியான சிறு உருவங்களே. அவர்களுக்காகப் பேசியவர்கள் கூட அவர்களை எண்ணிக்கையாகவே காட்டவேண்டியிருந்தது.

1868இல் பிரித்தானியப் போர்க்கப்பல் 'டப்னி', அரபுப் பாய்க்கப்பலொன்றிலிருந்து மீட்ட கிழக்காபிரிக்கர்களைத் தன் தளத்தில் வைத்துப் படமெடுத்தது. மெலிந்த உடல்களோடு தளத்தில் குந்தியிருக்கிறார்கள். அடிமை வணிகத்தின் கொடுமைக்கு அது சாட்சியம் என்பதில் ஐயமில்லை. அதே நேரம் அது ஒரு போர்க்கப்பலின் நற்சான்றிதழும்கூட. மீட்பவனும் படமெடுப்பவனும் ஒருவனே. பேரரசு தன் கடற்காவலை நியாயப்படுத்த இதைவிட நல்ல படம் வேண்டியதில்லை.

5

இந்த வரலாற்றோடு எமது காலத்துக்கு வருவோம்.

2001 ஓகஸ்டில் நோர்வேயின் கொள்கலன் கப்பலான 'தம்பா', மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து 433 பேரைக் காப்பாற்றியது. பெரும்பாலோர் ஆப்கானியர். அவுஸ்திரேலியா கப்பலைக் கரைக்கு விடவில்லை. செய்தியாளர்களும் நெருங்க விடப்படவில்லை. உலகம் கண்டது தொலைவிலிருந்து எடுத்த படங்களை: வண்ணப் பெட்டிகளுக்கு நடுவே நிரையாக இருக்கும் உருவங்கள், முகமில்லாமல். கொள்கலனுக்குள் உழைப்பு மறைவதைச் செக்குலா சொன்னார். இங்கே கொள்கலன்களுக்கு நடுவிலேயே மனிதர்கள் கொள்கலன்களாகத் தெரிந்தார்கள்.

ஒக்ரோபரில் நடந்தது இன்னும் மோசமானது. 'அடலெய்ட்' என்ற போர்க்கப்பல் 223 பேர் இருந்த படகொன்றை மறித்தது. அகதிகள் தம் பிள்ளைகளைக் கடலில் எறிந்தார்கள் என்று ஒக்ரோபர் 7இல் அமைச்சர் ஒருவர் அறிவித்தார். தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்த நேரம். 10ஆம் திகதி சான்றாக இரு புகைப்படங்கள் வெளியிடப்பட்டன. தண்ணீரில் பிள்ளைகளும் பெண்களும், அவர்களைப் பிடித்திருக்கும் கடற்படையினரும். உண்மையில் அப்படங்கள் 8ஆம் திகதி, இழுத்துச் செல்லப்பட்ட படகு மூழ்கியபோது எடுக்கப்பட்டவை. காப்பாற்றும் காட்சி அது. திகதியும் விளக்கக் குறிப்பும் நீக்கப்பட்டதும் அதுவே குற்றத்தின் காட்சியாயிற்று. பிள்ளைகள் எறியப்படவில்லை என்பதை 2002இல் செனற் விசாரணைக் குழு உறுதிப்படுத்தியது. அகதிகளுக்கு மனித முகம் கொடுக்கும் படங்களை வெளியிட வேண்டாம் என்று படைத் தகவற்பிரிவுக்கு அறிவுறுத்தல் இருந்ததும் அங்கேதான் வெளிவந்தது.

ஸ்ரிக்லிற்ஸின் படத்தில் திசை மாறியதை நினைவுகூருங்கள். அங்கே கலை வரலாற்றின் கவனக்குறைவு. இங்கே அரசின் திட்டம். பொறிமுறை ஒன்றுதான்: படத்தை எடுத்தவரிடமிருந்தும் எடுத்த நாளிலிருந்தும் பிரித்துவிட்டால், அதை எதற்கும் சான்றாக்கலாம்.

2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி 492 தமிழருடன் 'சன் சீ' கனடாவின் மேற்குக் கரையை அடைந்தபோது பரவிய படங்களில் பல, கனேடியப் பாதுகாப்புத் துறை தானே எடுத்து வழங்கியவை. துருப்பிடித்த உடல், நெருங்கி நிற்கும் மனிதர், பக்கத்தில் காவற் படகுகள். வானிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த அப்படங்களின் இலக்கணத்தை நாம் முன்பே கண்டோம். அது இனங்காணற் படத்தின் இலக்கணம். யாருடைய கப்பல், என்ன ஆபத்து, என்ன செய்யலாம்? அப்படத்தைக் கண்டவுடன் பார்வையாளர் கேட்கப் பழக்கப்பட்டிருந்த கேள்விகள் இவைதான்.

ஆனால் அந்தத் துருப்பிடித்த உடலுக்குள் நடந்ததை எந்தப் படமும் காட்டவில்லை. தாய்லாந்து மாலுமிகள் புறப்பட்ட சிறிது காலத்திலேயே கப்பலைக் கைவிட்டுப் போய்விட, பயணிகளில் பன்னிருவர் கப்பலை ஓட்டும் பொறுப்பை ஏற்றார்கள். அவர்களில் ஒருவர் நாளொன்றுக்கு மும்மூன்று மணித்தியாலங்களாக இருமுறை இயந்திர அறையில் நின்று வெப்பத்தையும் நீரையும் எண்ணெயையும் கவனித்தார். வேறொருவர் சமையலுக்கு உதவிக் காவற்பார்வையும் பார்த்தார். இந்த வேலைகளைச் செய்ததற்காகவே இவர்கள் ஆட்கடத்தலில் ஈடுபட்டோர் என்று வகைப்படுத்தப்பட்டு, அகதிக் கோரிக்கைக்குத் தகுதியற்றோர் ஆக்கப்பட்டார்கள். தப்பிச் செல்வோர் ஒருவருக்கொருவர் செய்யும் உதவி ஆட்கடத்தல் ஆகாது என்று கனடா உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2015 நவம்பர் வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இங்கேதான் கப்பற் படக்கலையின் பழைய கதாநாயகன் திரும்ப வருகிறான். சுக்கானைப் பிடித்த கை, இயந்திரத்தின் முன் வியர்த்த முகம், தூரத்தைக் கூர்ந்து பார்க்கும் கண்: வில்லியர்ஸின் படங்களில் இவை கடல்வீரத்தின் அடையாளங்கள். அகதியின் கை சுக்கானில் பட்டவுடன் அதுவே குற்றச்சான்று. மத்தியதரைக் கடலில் இன்று இது வழக்கமாகிவிட்டது. இறப்பர்ப் படகின் இயந்திரப் பிடியை யார் வைத்திருந்தார் என்பதை, காவற் கப்பல்களிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு தேடி, அவரைக் கடத்தற்காரர் என்று இத்தாலியிலும் கிரேக்கத்திலும் வழக்குத் தொடர்கிறார்கள். ஆகவே 'அகதிகள் தாமே தமது கைத்தொலைபேசிகளால் படமெடுக்கட்டும், எல்லாம் சரியாகிவிடும்' என்ற எளிய நம்பிக்கையும் போதாது. அப்படமும் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. முகம் தெரிவது எப்போதும் விடுதலையல்ல. சில வேளைகளில் முகம் தெரியாதிருப்பதே பாதுகாப்பு. முகமில்லாப் படத்தைக் கண்டிக்கும் நாம் இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

6

கடைசியாக எமது பக்கம். எமக்கும் ஒரு பிரியமான கப்பற் படம் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்', அமெரிக்கரான வில்லியம் ரொபின்சனால் வாங்கப்பட்டு, அவரது மனைவியின் பெயரில் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' ஆகி, வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் 1938இல் மசச்சுசெற்சின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. ஊர் மலர்களிலும் நினைவு மலர்களிலும் விரித்த பாய்களோடு அக்கப்பல் மீண்டும் மீண்டும் வருகிறது. பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் நாம் அப்படத்தைப் பார்ப்பது எவ்வாறு? பெக்கனின் வாடிக்கையாளர் தன் பந்தயக் கப்பலைப் பார்த்ததுபோல. முழுக் கப்பல், முழுப் பாய், முழுப் பெருமை. விற்கப்பட்டதும் பெயர் மாற்றப்பட்டதும் பெருமைக் கதைக்குள் கரைந்துவிடுகின்றன. அதைச் செதுக்கிய ஓடாவிமார், பாய் இழுத்தவர்கள், அவர்களுக்குக் கிடைத்த கூலி, கரையில் காத்திருந்த பெண்கள் பற்றி எத்தனை மலர்கள் எழுதின?

இன்னொரு படத்தையும் பக்கத்தில் வையுங்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள். மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றினார்கள். ஜேர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்து நடுக்கடலில் இறக்கிவிட்ட கப்பல் அங்கே இல்லை, அது போய்விட்டிருந்தது. அன்னபூரணியை மலரின் அட்டையில் போடும் நாம், இந்தப் படகுகளை எங்கே போடுகிறோம்? 'சன் சீ' வந்த நாட்களில் இந்நாடுகளில் ஏற்கனவே கால் ஊன்றியிருந்த எமக்குள்ளும், 'இவர்களால் எமது பெயர் கெடுகிறது' என்ற முணுமுணுப்பு இருந்ததை நாம் மறுக்க முடியாது. அதைச் சொன்னவர்களும் அரசு தந்த அந்தப் படத்தை, அரசு நின்ற இடத்தில் நின்றே பார்த்தார்கள். மேற்தளம் என்பது வெள்ளையருக்கு மட்டும் உரிய இடமல்ல. வதிவிட அனுமதி கிடைத்ததும் நாமும் ஏறி நிற்கக்கூடிய இடம் அது.

கப்பற் படங்களைப் பார்ப்பதை நிறுத்தவேண்டும் என்பதல்ல இதன் முடிவு. ஒவ்வொரு படத்திடமும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகலாம். எடுத்தவர் எங்கே நின்றார்? கீழே எழுதப்பட்ட சொல் யாருடையது? தளத்துக்குக் கீழே இருப்பது என்ன? இக்கேள்விகளை அரசுகள் தரும் படங்களிடம் கேட்பது எளிது. எமது மலர்களின் அட்டைகளிடமும் கேட்கத் தயாரா என்பதை வாசகர்களின் விவாதத்துக்கு விடுகிறோம்.